கும்பிட்டபடி ஒட்டிய கண்ணாடிகள்

இந்தக் கட்டுரையில் ‘அவர்’ என்று வருகிறவர் இதை எழுதுகிறவர்தான். ‘நான்’ என்று தொடங்கி இரண்டு முறை எழுதிப் பார்த்தார். இரண்டும் புகார் மனுவாக முடிந்தன. படர்க்கையில் எழுதினால் குரல் கொஞ்சம் தணியும் என்று நினைத்தார். தணிந்ததா இல்லையா என்பதை வாசிக்கிறவர்கள் முடிவு செய்துகொள்ளட்டும்.

திரவப் படிக ஆராய்ச்சியில் பெங்களூருக்குப் பழைய பேர் உண்டு. தட்டு வடிவ மூலக்கூறுகளும் திரவப் படிகமாக அடுக்கி நிற்கும் என்று 1977-இல் உலகுக்குச் சொன்னது அங்குள்ள ராமன் ஆய்வு நிறுவனம். எஸ். சந்திரசேகர், பி.கே. சதாசிவா, கே.ஏ. சுரேஷ் மூவரும் எழுதிய கட்டுரை அது. அவர் ஆய்வுக்குச் சேர்ந்தது அங்கே அல்ல. அதே ஊரில், பேர் வேண்டாம், வேறொரு ஆய்வுக்கூடம்.

வேலை எளிதாகத்தான் தெரிந்தது. 5சிபி என்று ஒரு பொருள். இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் கிரேயின் குழு 1973-இல் வெளியிட்ட சயனோபைஃபினைல் குடும்பத்தைச் சேர்ந்தது. கைக்கடிகாரத்திலும் கால்குலேட்டரிலும் எண்கள் நிலைத்து நின்றதற்கு அந்தக் குடும்பம்தான் காரணம். சுமார் 24 டிகிரியிலிருந்து 35 டிகிரி வரை அது கலங்கிய திரவமாக, அதாவது நெமாட்டிக்காக இருக்கும். பெங்களூரில் அதற்குத் தனியாக ஒன்றும் செய்ய வேண்டாம். டிசம்பர் காலையில் ஒரு டேபிள் லேம்ப் போதும். (சென்னையில் மே மாதம், மின்விசிறி மட்டும் சுற்றும் அறையில் இதைச் செய்கிறவர்கள் வேறு பொருள் தேடுவது நல்லது. 35-ஐத் தாண்டினால் கண்ணெதிரே தெளிந்துவிடும்.)

இந்தப் பொருளை இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே அடைத்து, மின்னழுத்தத்தை மெல்ல ஏற்றிக்கொண்டே போய், மூலக்கூறுகள் எந்தப் புள்ளியில் எழுந்திருக்கத் தொடங்குகின்றன என்று பார்க்க வேண்டும். அந்தப் புள்ளிக்கு, அதாவது வாசல் மின்னழுத்தத்துக்கு, ரஷ்ய இயற்பியலாளர் ஃப்ரெடெரிக்ஸின் பேர். 5சிபிக்கு அது ஒரு வோல்ட்டுக்கும் கீழே. அடுக்கு 5 மைக்ரானானாலும் 10 மைக்ரானானாலும் அந்த வோல்ட் மாறாது என்பதுதான் இதிலுள்ள அழகு. அதிலிருந்து பொருளின் மீள்தன்மையைக் கணக்கிடலாம்.

இந்தக் கண்ணாடி ஜோடிக்குப் பேர் செல். அதைச் செய்வது எப்படி என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. மின்சாரம் கடத்தும் ஐ.டி.ஓ. பூசிய கண்ணாடியைக் கழுவு, பாலிஇமைடைச் சுழற்றிப் பூசு, அடுப்பில் வேக வை, வெல்வெட்டால் தேய், இடைவெளி காக்கும் ஸ்பேசர் மணிகளைத் தூவு, ஒட்டு, 5சிபியைச் சூடாக்கித் தெளிந்த நிலையில் நிரப்பு, ஆற விடு. தெளிந்த நிலையில் நிரப்பாவிட்டால் பாய்ந்த தடம் செல்லுக்குள் வரிவரியாக நின்றுவிடும். அவ்வளவுதான். இதில் ஏழெட்டு வாரம் வீணாக்குகிறவர்களைப் பார்த்தால் அவருக்குப் பொறுமை இருப்பதில்லை.

அவருடைய எட்டு மாதத்தை விழுங்கியது ‘தேய்’ என்பதற்கும் ‘ஒட்டு’ என்பதற்கும் நடுவே இருக்கும் ஒரு கையசைவு.

தேய்ப்பதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கோடிக்கணக்கான ரூபாய்த் தொழிற்சாலையில், தூசி புகாத அறையில், உருளையில் துணியைச் சுற்றிக் கண்ணாடியைத் தேய்க்கிறார்கள் என்றால் முதலில் யாரும் நம்புவதில்லை. ஆனால் திரவப் படிகத் திரை வணிகம் பல பத்தாண்டுகள் நடந்தது அப்படித்தான். தேய்த்த பரப்பு திரவப் படிகத்தை ஒரே திசையில் படுக்க வைக்கும் என்பது பிரான்சில் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மோகேன் என்பவர் கவனித்த விஷயம்; 1943-இல் ஷாத்லேன் அதை விரிவாக ஆராய்ந்தார். ஏன் படுக்கிறது என்பதற்கு 1972-இல் பெல் ஆய்வுக்கூடத்தின் ட்வைட் பெர்ரெமன் ஒரு விளக்கம் கொடுத்தார்: தேய்த்தால் நுண்ணிய பள்ளங்கள் விழுகின்றன, பள்ளத்தோடு படுப்பதுதான் மூலக்கூறுக்கு வளைவுச் செலவு குறைவு. அழகான விளக்கம். அவர் அதில்தான் விழுந்தார். பள்ளத்துக்கு முன்பக்கம், பின்பக்கம் ஏது? வடக்கே தேய்த்தாலும் தெற்கே தேய்த்தாலும் கோடு ஒன்றுதானே? இப்படி நினைத்தது அவருடைய மடத்தனம் மட்டுமல்ல, வகுப்பில் அவருக்குச் சொன்னதும் அவ்வளவுதான் என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறார்.

வெல்வெட்டின் மேல் கையை ஓட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் வழுக்கும், மறுபக்கம் முரண்டும். பாலிஇமைடும் தேய்த்த பிறகு அப்படித்தான். அதன் மேற்பரப்புச் சங்கிலிகள் துணி போன திசையில் இழுபட்டு, லேசாகத் தலை தூக்கி நிற்கும். அதன் மேல் படுக்கும் மூலக்கூறும் ஓரிரு டிகிரி தலை தூக்கும். தேய்த்த திசைக்குத் தலை உண்டு, வால் உண்டு. மேல் கண்ணாடியையும் கீழ்க் கண்ணாடியையும் எதிரெதிர்த் திசையில் வைத்தால் செல்லுக்குள் எல்லா மூலக்கூறும் ஒரே சாய்வில் நிற்கும். ஒரே திசையில் வைத்தால் மேலே இருப்பது ஒரு பக்கமும் கீழே இருப்பது மறுபக்கமும் சாய்ந்து, நடுவில் இருப்பது எந்தப் பக்கம் எழுவது என்று தெரியாமல் தட்டையாகக் கிடக்கும்.

அவருக்குச் செல் கட்டக் கற்றுக்கொடுத்த சீனியர் இடமிருந்து வலமாகத் தேய்ப்பார். பிறகு ஒரு கண்ணாடியைப் புத்தகம் மூடுவதுபோல மற்றதன் மேல் கவிழ்ப்பார். இடம் வலமாகத் தேய்த்ததைப் புத்தகம்போல மூடினால் திசைகள் தாமாகவே எதிரெதிராகிவிடும். ஆனால் ஏன் என்று சீனியர் சொல்லவில்லை. “ரெண்டையும் ஒரே மாதிரி தேய், புக் மூடுற மாதிரி மூடு,” அவ்வளவுதான் பாடம். பிறகு சீனியர் வெளிநாடு போய்விட்டார்.

மேசையைச் சுவரோரம் தள்ளியபோது இடப்பக்கம் முழங்கை இடித்தது. அதனால் அவர் தன்னிலிருந்து அப்பால், நேராகத் தள்ளித் தேய்க்க ஆரம்பித்தார். மூடியது மட்டும் பழையபடி, புத்தகம்போல. நேராகத் தேய்த்ததைக் காலண்டர் தாளைப் புரட்டுவதுபோல மேலிருந்து கீழாகக் கவிழ்த்திருக்க வேண்டும். அவர் செய்த 41 செல்லும் ஒரே திசைச் செல்.

மைக்ராஸ்கோப்பில் என்ன தெரிந்தது? மின்னழுத்தம் ஏற்றினால் செல் முழுக்க ஒன்றாக நிறம் மாறாமல் திட்டுத் திட்டாக மாறியது. திட்டுகளுக்கு நடுவே மெல்லிய சுவர்கள். வாசல் மின்னழுத்தம் கூர்மையாகக் கிடைக்கவில்லை. புத்தக எண்ணோடு பொருந்தவில்லை. வெப்பநிலையைக் குறை சொன்னார். புது அடுப்பு கேட்டு விண்ணப்பித்தார். ‘இன்னும் தரவு எடு’ என்றார் கைடு. எடுத்தார்.

ஒரு மாலை சில வோல்ட்டுகள் கூடுதலாக ஏற்றிவிட்டு டீ குடிக்கப் போனார். திரும்பி வந்து பார்த்தால், ஒரு ஸ்பேசர் மணியைச் சுற்றி வேறு நிறத்தில் ஒரு வட்டம். பார்க்கப் பார்க்க அது எறும்பு வேகத்தில் விரிந்தது. ஓரம் கூர்மையாக, சுத்தமாக இருந்தது. பக்கத்துத் திட்டுகளையெல்லாம் விழுங்கிக்கொண்டே போனது. மின்னழுத்தத்தை நிறுத்தினால் உள்ளே வேறொரு நிறம் வந்து, ஓரத்திலிருந்து சுருங்கி மெல்ல மறைந்தது. புதிய நிலை! அன்றிரவு அவர் தூங்கவில்லை. கட்டுரைச் சுருக்கம் எழுதினார், கைடு திருத்தினார், மாநாட்டில் சுவரொட்டி ஒட்ட இடமும் கிடைத்தது.

சுவரொட்டி முன் வந்து நின்ற முதல் ஆள் ஓய்வு பெற்ற பேராசிரியர் ஒருவர். படங்களை ஒரு நிமிடம் பார்த்தார். எதுவும் பேசாமல் இரண்டு கைகளையும் கும்பிடுவதுபோலச் சேர்த்தார். “இப்படி ஒட்டினீங்களா?” பிறகு ஒரு கையை மட்டும் திருப்பி, விரல்நுனி மறு கையின் மணிக்கட்டைத் தொடும்படி வைத்தார். “இல்ல, இப்படியா?”

அவருக்குப் பதில் தெரியவில்லை. அது தெரியாமல் போனதுதான் எல்லாவற்றையும்விடக் கேவலம் என்று இன்றும் நினைக்கிறார்.

அந்த வட்டத்துக்கு ஏற்கெனவே பேர் இருந்தது. கும்பிட்ட கைபோல ஒட்டிய செல்லில் மின்னழுத்தம் ஏறினால் நடு மூலக்கூறுகள் நிமிர்ந்து வில்போல வளைந்த அமைப்பு உண்டாகும். அது தானாகப் பிறக்காது, தூசியோ மணியோ இருக்கும் இடத்தில் முளைத்துப் பரவும். அமெரிக்காவில் டெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்திலிருந்த ஃபிலிப் பாஸும் உடன் பணியாற்றியவரும் 1984-இல் இதே அமைப்பைக் கொண்டு வேகமாக மாறும் ‘பை செல்’லை வெளியிட்டுவிட்டார்கள். அவர்கள் தெரிந்தே கும்பிட்டார்கள்.

தேய்க்கும் முன்பே கண்ணாடியின் பின்பக்கம் வைர ஊசியால் அம்புக்குறி கீறிவிடுங்கள் என்று அவர் எல்லாரிடமும் சொல்கிறார். மார்க்கர் பேனா உதவாது. தேய்த்த பின் துணித்தூசி போகக் கழுவும்போது அதுவும் போய்விடும், அவருக்குப் போனது. முதல் செல் ஆறியதும் வாசலைச் சற்றே தாண்டிய மின்னழுத்தம் கொடுத்து, செல்லை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பாருங்கள். ஒரு பக்கம் வெளுத்து மறுபக்கம் கறுத்து, செல் முழுக்க ஒன்றாக மாறினால் சரி. திட்டுத் திட்டாகத் தெரிந்தால் அங்கேயே நிறுத்துங்கள். வெல்வெட்டைக் கடன் வாங்காதீர்கள். பக்கத்து மேசைக்காரர் அதே துணியால் மூலக்கூறை நிமிர வைக்கும் பூச்சைத் தேய்த்திருப்பார். கேட்டால் இல்லை என்பார்.

ஒளியால் ஒழுங்குபடுத்தலாமே, ஏன் இன்னும் துணி என்று கேட்கிறவர்கள் உண்டு. கேட்பது நியாயம். துணி தூசியைக் கிளப்பும், நிலைமின்சாரம் உண்டாக்கும். 1991-இல் கிப்பன்ஸ் குழுவும் 1992-இல் ஷாட் குழுவும் துருவ ஒளியாலேயே பரப்பைத் திசைப்படுத்தலாம் என்று காட்டினார்கள். 2009-இல் ஷார்ப் நிறுவனம் புறஊதா ஒளி முறையைத் தொலைக்காட்சித் திரைக்கே கொண்டுவந்தது. ஆனால் அவருடைய கூடத்தில் அந்த விளக்கு இல்லை. உங்கள் கூடத்திலும் இருக்காது. பெங்களூர் சிக்பேட்டையில் வெல்வெட் கிடைக்கும்.

41 செல்லில் 40-ஐ உடைத்துப் போட்டாயிற்று. வட்டம் விரிந்த அந்த ஒன்று மட்டும் அவர் மேசை டிராயரில் இருக்கிறது. பை செல் பற்றி நடத்தும் வகுப்பில் காட்ட வேண்டும் என்று கைடு இரண்டு முறை ஆளனுப்பிக் கேட்டார். தேடிப் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்.