பல சட்ட மரபுகளும் சட்டக் கல்வியும்

நம் நாட்டின் ஒப்பந்தச் சட்டமும் நீதிமன்ற நடைமுறையும் ஆங்கிலப் பொதுச் சட்ட மரபில் உருவானவை. ஆனால் திருமணம், வாரிசுரிமை ஆகிய துறைகளில் ஒரே மரபு எங்கும் நிலவவில்லை. சமயம் சார்ந்த தனிநபர் சட்டங்களோடு, கோவாவில் போர்த்துகீசிய மரபும், வடகிழக்கு மலைப்பகுதிகளில் பழங்குடி வழக்காறும் நடைமுறையில் உள்ளன. இந்நிலையில் சட்ட மாணவர் எதைக் கற்க வேண்டும் என்பது பாடத்திட்டம் பற்றிய வினா மட்டுமன்று. குடிமக்களின் உரிமை பற்றிய வினாவும் ஆகும்.

கோவா 1961 டிசம்பரில் விடுதலை பெற்றது. அங்கு நடைமுறையிலிருந்த சட்டங்கள் தொடர 1962ஆம் ஆண்டுச் சட்டம் வகைசெய்தது. அதனால் 1867ஆம் ஆண்டுப் போர்த்துகீசிய சிவில் சட்டத் தொகுப்பின் குடும்பக் கோட்பாடுகள் நிலைபெற்றன. கோவா சட்டமன்றம் 2012இல் வாரிசுரிமைக்குத் தனிச் சட்டம் இயற்றியபோதும் அவற்றின் அடிப்படை மாறவில்லை.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். திருமணத்தின்போது வேறு ஏற்பாடு செய்துகொள்ளாத தம்பதியின் சொத்து, பொதுவாக இருவருக்கும் உரிய கூட்டுச் சொத்தாகும். அதன் மதிப்பு 8 லட்சம் ரூபாய் எனக் கொள்வோம். கணவர் இறந்தால் 4 லட்சம் மனைவிக்குச் சொந்த உரிமையாகவே சேரும். எஞ்சிய 4 லட்சத்தில் பாதியை மட்டுமே கணவர் தாம் விரும்பியவருக்கு உயில் எழுதியிருக்கலாம். மறுபாதி மகன், மகள் என்ற வேறுபாடின்றிப் பிள்ளைகளைச் சேரும். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தை மட்டும் கற்றவரோ, தாமே ஈட்டிய சொத்து முழுவதையும் ஒருவர் உயில் எழுதலாம் என்றே கருதுவார். அவரது ஆலோசனையை நம்பும் விதவை தமக்குரிய பாதியை இழக்க நேரிடும்.

இதனை ஒரு சிறு மாநிலத்தின் சிக்கல் என்று ஒதுக்கிவிட இயலாது. கோவாவை வாழிடமாகக் கொண்டவர்களுக்கு இந்தியாவில் வேறெங்கு சொத்து இருப்பினும் அதன் வாரிசுரிமையைக் கோவாவின் சட்டமே தீர்மானிக்கும் என உச்ச நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது. அவ்வழக்குக்குரிய சொத்து மும்பையில் இருந்தது.

மேகாலயாவில் நிலை வேறு. காசி மக்களிடையே மூதாதையர் சொத்து மரபுப்படி கடைசி மகளிடம் சேர்கிறது. இத்தகைய வழக்காறுகளைப் பிரிவு எண்களைக் கொண்டு மனப்பாடம் செய்ய இயலாது; அவற்றை நீதிமன்றத்தில் மெய்ப்பிக்கும் முறையையே கற்க வேண்டும்.

வழக்கறிஞர்கள் சட்டம், 1961இன்படி சட்டக் கல்வியின் தரத்தை இந்திய பார் கவுன்சில் வகுக்கிறது. ஒரு மாநிலத்தில் பதிவு செய்த வழக்கறிஞர் நாடெங்கும் வழக்காடலாம். எனவே, எல்லா மரபுகளையும் முழுமையாகக் கற்பிக்க இயலாவிடினும், இவ்வழக்குக்கு எச்சட்டம் பொருந்தும் என்று முதலில் வினவும் பயிற்சியை எல்லாச் சட்டக் கல்லூரிகளும் அளிக்க வேண்டும். சட்டம் வழங்கும் உரிமை மக்களை உண்மையில் சென்றடைய இப்பயிற்சி இன்றியமையாதது.