பத்து கினி வாக்கு: காக்ரேன் வாழ்க்கையிலிருந்து ஒரு குடிமையியல் பாடம்

தேர்தல் பற்றிய பாடத்தை விதிமுறைகளாக மட்டும் நடத்தினால், மாணவர்கள் தேர்வு எழுதிவிட்டு மறந்துவிடுகிறார்கள். ஒரு மனிதரின் வாழ்க்கையோடு சேர்த்துச் சொன்னால் கேள்வி கேட்கிறார்கள். ஒன்பதாம் வகுப்பில் நான் எடுத்துக்கொள்வது பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி தாமஸ் காக்ரேனின் (1775–1860) வாழ்க்கையை.

கதை (10 நிமிடம்)

1801இல் காக்ரேன், 14 பீரங்கிகளே கொண்ட 'ஸ்பீடி' என்ற சிறு கப்பலின் தலைவர். 54 பேரை வைத்துக்கொண்டு, 300க்கும் மேற்பட்டோர் இருந்த 'எல் காமோ' என்ற ஸ்பானியப் போர்க்கப்பலைக் கைப்பற்றினார். கடற்படை நிர்வாகத்தின் முறைகேடுகளைத் தட்டிக்கேட்க நாடாளுமன்றம் செல்ல விரும்பினார்.

அக்காலத்தில் வாக்காளர் எல்லோர் முன்னிலையிலும் வேட்பாளரின் பெயரைச் சொல்லி வாக்களித்தார். பணம் கொடுத்தவர், வாக்கு தமக்கு வந்ததா என்று நின்று பார்க்கலாம். 1806இல் ஹோனிடன் தொகுதியில் காக்ரேன் பணம் தர மறுத்துத் தோற்றார். தேர்தல் முடிந்த பிறகு, தமக்கு வாக்களித்த ஒவ்வொருவருக்கும் பத்து கினி கொடுத்தார். அதே ஆண்டில் மீண்டும் தேர்தல் வந்தது. இம்முறையும் பணம் வரும் என்று நம்பி மக்கள் அவரை வெற்றிபெறச் செய்தனர். அவர் எதுவும் தரவில்லை.

கேள்விகள் (15 நிமிடம்)

இங்கே நிறுத்தி, கரும்பலகையில் எழுதுவேன்:

1. வாக்களித்த பின் தரும் பணம் பரிசா, கையூட்டா?
2. இரண்டாவது வெற்றி நேர்மையானதா?
3. இக்கதையை நமக்குச் சொன்னவர் யார்?

முதலில் வகுப்பே காக்ரேனைக் கெட்டிக்காரர் என்று பாராட்டும். பிறகு யாராவது ஒருவர், "பணம் தரவில்லை, ஆனால் பணத்தாசையைக் காட்டித்தானே வென்றார்?" என்று கேட்பார். அங்கேதான் பாடம் தொடங்குகிறது. மூன்றாம் கேள்விக்கு விடை: காக்ரேனே. ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் தம் வரலாற்று நூலில் அவர் சொன்னது இது. தம்மைப் பற்றித் தாமே சொல்வதை எப்படி எடுத்துக்கொள்வது என்பதையும் மாணவர்கள் பேசட்டும்.

குழுச் செயல்பாடு (15 நிமிடம்)

1807 முதல் அவர் வெஸ்ட்மின்ஸ்டர் தொகுதியின் உறுப்பினர். 1814இல் நெப்போலியன் இறந்துவிட்டதாகப் பொய்ச்செய்தி பரவி, லண்டன் பங்குச்சந்தையில் விலை ஏறியது. அன்று காக்ரேனின் பத்திரங்கள் லாபத்துக்கு விற்கப்பட்டன. செய்தி கொண்டுவந்தவர் அன்றே அவர் வீட்டுக்கும் வந்திருந்தார். ஆனால், விலை சற்று ஏறினாலே விற்றுவிடும்படி முன்பே சொல்லிவைத்திருந்ததாகக் காக்ரேன் கூறினார்; வீட்டுக்கு வந்தவரின் பெயரையும் தாமே வெளியிட்டார். நீதிமன்றம் தண்டித்தது, நாடாளுமன்றம் நீக்கியது. அதே மாதம் வெஸ்ட்மின்ஸ்டர் மக்கள் அவரையே மீண்டும் தேர்ந்தெடுத்தனர். பின்னர் சிலி, பிரேசில், கிரேக்கக் கடற்படைகளை நடத்திய அவருக்கு 1832இல் மன்னிப்பு வழங்கப்பட்டது.

ஒரு குழு குற்றச்சாட்டுக்கும் மறு குழு மறுப்புக்கும் சான்றுகளைப் பட்டியலிடட்டும். வரலாற்றாசிரியர்களே இன்றும் இதில் ஒத்துப்போகவில்லை. எனவே தீர்ப்பை ஆசிரியர் சொல்ல வேண்டாம்.

நிறைவு

பிரிட்டனில் இரகசிய வாக்களிப்பு வந்தது 1872இல், காக்ரேன் இறந்து 12 ஆண்டுகளுக்குப் பிறகு. அதன்பின் பணம் கொடுத்தவரால் வாக்கைச் சரிபார்க்க முடியவில்லை. வாக்குச்சாவடியில் மறைப்பு எதற்கு என்று அடுத்த நாள் கேட்டுப் பாருங்கள். "யாருக்குப் போட்டோம் என்று யாருக்கும் கணக்குக் காட்ட வேண்டியதில்லை" என்ற பொருளில் விடை வந்தால், பாடம் சேர்ந்துவிட்டது.