முகப்பரு: சூடும் அழுக்கும் செய்யாத வேலை

வெள்ளவத்தையில் ஒரு பிள்ளையின் கன்னத்தில் பரு வந்துவிட்டால் மருந்து சொல்லாதவர் குறைவு. "உடம்புச் சூடு பிள்ளை, தம்பிலி குடியும்" என்பார் பெரியம்மா. "முகம் கழுவுறது காணாது" என்பார் பக்கத்து ஃபிளாட் அன்ரி. சலூனிலோ "ஒரு கிறீம் இருக்கு" என்பார்கள். முதல் இரண்டாலும் பெரிய கேடில்லை. மூன்றாவதைப் பற்றித்தான் நிறையக் கதைக்க வேண்டும்.

பரு உள்ளேயிருந்து வருவது. மயிர்க்காலோடு ஒட்டிய எண்ணெய்ச் சுரப்பிகள், பருவ வயதில் ஆண் ஓமோன்கள் கூடும்போது பெருத்து அதிகம் சுரக்கின்றன (இந்த ஓமோன்கள் பெண்பிள்ளைகளுக்கும் உண்டு). உதிர வேண்டிய தோற்செதில்கள் உதிராமல் குழாயின் வாயை அடைக்கின்றன. தேங்கிய எண்ணெயில் கியூட்டிபக்டீரியம் அக்னெஸ் என்ற பற்றீரியா பெருக, உடல் அதை எதிர்க்கிறது. இடம் சிவந்து வீங்குகிறது. இதில் தம்பிலிக்கு வேலையே இல்லை. தாகத்துக்கு நல்லது, குடியுங்கள்.

அடைத்த வாய் மூடியே இருந்தால் வெண்புள்ளி, திறந்திருந்தால் கரும்புள்ளி. அந்தக் கறுப்பு ஊத்தையல்ல. தோலின் நிறமியும் காற்றுப்பட்ட எண்ணெயும் சேர்ந்த நிறம். உரஞ்சி உரஞ்சிக் கழுவினால் போகாது, தோல்தான் புண்ணாகும். நாளுக்கு இருமுறை மென்மையான சோப்பு போதும். சிவந்த மொட்டு, சீழ்ப்பரு, ஆழத்தில் கிடக்கும் வலிக்கட்டி எல்லாம் இதே அடைப்பின் அடுத்த கட்டங்கள். வலிக்கட்டி குழி விழுத்தலாம்; பூச்சு மருந்தோடு அது அடங்காது.

நெற்றியிலும் நெஞ்சிலும் முதுகிலும் ஒரே அளவில், அரிப்போடு கிளம்பும் சிறு பருக்கள் பல வேளைகளில் வேறு சாதி. மலசீசியா என்ற ஒருவகைப் பூஞ்சையின் வேலை அது. கொழும்பு வியர்வை அதற்குச் சொர்க்கம். பருவென்று நினைத்து அன்ரிபயோட்டிக் குளிசை போட்டால் இன்னும் கூடும்.

கொத்து ரொட்டியும் ரோல்ஸும் பருவைக் கொண்டுவருமா? 1969இல் அமெரிக்காவில் நடந்த ஒரு சோதனை, சொக்லேட்டுக்கும் பருவுக்கும் தொடர்பில்லை என்றது. ஒப்பிடக் கொடுத்த சொக்லேட் அல்லாத துண்டிலும் சீனியும் கொழுப்பும் நிறைந்திருந்தன என்ற விமர்சனம் பிறகு வந்தது. 2007இல் மெல்பேர்ண் ஆய்வாளர்கள், இரத்தத்தில் சீனியை மெதுவாக ஏற்றும் உணவை இளைஞர்களுக்கு 12 கிழமை கொடுத்தபோது பருக்கள் குறைந்தன. என்னைக் கேட்டால், ரோல்ஸின் எண்ணெயைவிடத் தேத்தண்ணியில் கொட்டும் சீனியைத்தான் முதலில் சந்தேகிப்பேன். ஆனால் தலைக்கு அள்ளி வைக்கும் தேங்காயெண்ணெய் நெற்றிக்கு வடிந்தால் அங்கே துளைகள் அடைபடலாம்.

இனி அந்தக் கிறீம். லேபல் இல்லாத சின்னப் பிளாஸ்டிக் டப்பா. செய்தவர் பெயர் இல்லை, திகதி இல்லை. பூசிய சில நாளில் முகம் பளிச்சென்று வரும், பருவும் அமுங்கும். பொறி அதுதான். இப்படிப்பட்ட கலவைகளில் பீட்டாமெத்தசோன், குளோபிட்டாசோல் போன்ற ஸ்டீரொயிட்டுகள் இருப்பதுண்டு. வைத்தியர் துண்டெழுதி, குறித்த நாட்களுக்கு மட்டும் கொடுக்க வேண்டிய மருந்துகள் அவை. வீக்கத்தை அமுக்கும், காரணத்தைத் தொடாது. நிறுத்தினால் முகம் எரிந்து சிவந்து ஒரே மாதிரிப் பருக்கள் வெடிக்கும். பயந்து மறுபடி பூசுவோம். மாதக்கணக்கில் போனால் தோல் மெலிந்து இரத்தக் குழாய்கள் தெரியும், கன்னத்தில் மயிர் வளரும். சில வெள்ளையாக்கும் கிறீம்களில் பாதரசமும் இருக்கும். அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். 2013இன் மினமாட்டா உடன்படிக்கை இவற்றை ஒழிக்கச் சொல்கிறது. இலங்கையும் அதில் ஒரு தரப்பு.

இந்தக் கிறீமுக்குப் பலரை இழுப்பது பருவல்ல, பரு போன இடத்துக் கறுப்பு. நம் நிறத் தோலில் அது எளிதில் விழும், மாதக்கணக்கில் நிற்கும், தானாக மங்கும். நுள்ளினாலும் வெயில் பட்டாலும் நீடிக்கும். அதற்குத் தேசிக்காய்ச் சாறு பூசிக்கொண்டு வெயிலில் இறங்கினால் தோல் பொள்ளிப் புதுக் கறுப்பும் சேரும்.

"கலியாணம் கட்டினால் போயிடும்" என்று கொட்டாஞ்சேனையிலும் சொல்வார்கள். முப்பது வயதுப் பெண்களுக்கும் பரு வருகிறது. மாதவிலக்கு தவறி, நாடியில் மயிரும் வந்தால் சூலக நீர்க்கட்டிப் பிரச்சினையா என்று பார்க்க வேண்டும்.

பென்சொயில் பெரொக்சைட்டும் அடபலீனும் லேசான பருவுக்கு நம்பகமானவை. ஆனால் எட்டு, பன்னிரண்டு கிழமை பொறுக்க வேண்டும். பலர் மூன்றாவது கிழமையிலேயே விட்டுவிடுகிறார்கள். ஐசோட்ரெட்டினொயின் குளிசை வலிக்கட்டிக்குக் கேட்கும். ஆனால் கர்ப்பத்தில் குழந்தையைச் சிதைக்கும் என்பதால் வைத்தியர் மேற்பார்வை இல்லாமல் தொடவே கூடாது. கொழும்பு தேசிய வைத்தியசாலையில் தோல் வைத்தியர்கள் இருக்கிறார்கள். அரசாங்க ஆஸ்பத்திரி, காசில்லை. போகும்போது இவ்வளவு நாளும் பூசிய டப்பாவையும் மறைக்காமல் கொண்டுபோங்கள். உள்ளே ஸ்டீரொயிட் இருந்தால் அதை எப்படி நிறுத்துவது என்பதிலிருந்தே சிகிச்சை தொடங்கும்.