ஊரே குடிக்கிறதா?

நம்பிக்கை: இந்தக் காலத்தில் குடிக்காத பையன் எங்கே இருக்கிறான்?

எந்த ஆண்கள் விடுதியிலும் இதைக் கேட்கலாம். ஆனால் 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 வயதும் அதற்கு மேலும் ஆன ஆண்களில் குடிப்பவர்கள் ஏறத்தாழ நான்கில் ஒருவர்தான். பெண்களில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. வீட்டு வாசலில் நின்று கேட்டால் சிலர் மறைக்கத்தான் செய்வார்கள். அதற்காகக் கொஞ்சம் கூட்டிப் போட்டாலும் ‘எல்லாரும்’ என்ற கணக்கு வராது.

பிறகு ஏன் அப்படித் தோன்றுகிறது? சனிக்கிழமை ராத்திரி வாந்தி எடுத்தவனின் கதை திங்கட்கிழமை வரை மெஸ்ஸில் ஓடும். அறையில் படுத்துத் தூங்கியவனைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது? சினிமாவில் வேறு, காதல் தோற்றாலும் பாட்டில், நண்பன் ஜெயித்தாலும் பாட்டில்.

அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவர்களிடம் டெபோரா பிரென்டிஸும் டேல் மில்லரும் நடத்திய ஆய்வு 1993இல் வெளிவந்தது. இங்கே நடக்கும் குடி உனக்கு எவ்வளவு சம்மதம், மற்றவர்களுக்கு எவ்வளவு சம்மதம் என்று நினைக்கிறாய் என இரண்டு கேள்விகள். தங்களுக்கு உறுத்துகிற அளவுக்கு மற்றவர்களுக்கு உறுத்தவில்லை என்பதே பொதுவான பதில். எல்லாரும் இதையே சொன்னால், உறுத்தாத அந்த ‘மற்றவர்’ யார்? அதோடு நிற்கவில்லை. செமஸ்டர் முடிவதற்குள் ஆண் மாணவர்களின் மனப்போக்கு, இல்லாத அந்தக் கூட்டத்தை நோக்கி நகர்ந்திருந்தது. பெண்களிடம் அந்த நகர்வு தெரியவில்லை.

நம்பிக்கை: கெட்ட சகவாசம்தான் பிள்ளையைக் கெடுத்தது.

பாதிதான் சரி. குடித்துப் பார்க்க ஆசைப்படுகிறவன் அதற்கேற்ற கூட்டாளியைத் தானே தேடிப் போவதும் உண்டு. இதில் வேடிக்கை, “அவனாலதான் எங்க பையன் கெட்டான்” என்று இரண்டு வீட்டிலும் சொல்வார்கள்.

நம்பிக்கை: பீர்தானே, அது குடியில் சேராது.

கணக்குப் போடலாம். ஒரு குவார்ட்டர் 180 மில்லி. அதை இரண்டு பேர் பங்கு போட்டால் ‘கட்டிங்’, ஆளுக்கு 90. பிராந்தியில் 42.8 சதவீதம் ஆல்கஹால் என்பதால் ஒரு கட்டிங்கில் சுமார் 38 மில்லி ஆல்கஹால் இருக்கிறது. 650 மில்லி ஸ்ட்ராங் பீரில் 7 சதவீதம் என்று வைத்தாலே 45 மில்லி. கட்டிங் அடிப்பவனைக் குடிகாரன் என்கிற பையன், அதைவிடக் கூடுதலாகக் குடித்துவிட்டுத்தான் பேசுகிறான். தமிழ்நாட்டுச் சட்டத்துக்கும் பீர், பிராந்தி என்ற பேதம் கிடையாது. 21 வயதுக்குக் கீழே இரண்டையும் விற்கக் கூடாது. எதைக் குடித்திருந்தாலும் மோர், எலுமிச்சை, கடுங்காப்பி எதுவும் போதையை இறக்காது. கல்லீரல் தன் வேகத்தில்தான் வேலை செய்யும்; ஒரு முழு ஸ்ட்ராங் பீரை முடிக்கவே அதற்கு நாலைந்து மணி நேரம் பிடிக்கும்.

நம்பிக்கை: யாராவது வற்புறுத்தினால்தான் அது அழுத்தம்.

“கம்பெனி குடுடா மாப்ள” என்று கெஞ்சுகிறவனிடம் முடியாது என்று சொல்லிவிடலாம். பிறந்தநாள் ட்ரீட்டில் யாரும் எதுவும் கேட்காமல் ஆறு பிளாஸ்டிக் டம்ளரை வரிசையாக வைத்து ஊற்றிக்கொண்டே வருவார்கள், அதுதான் கஷ்டம். ஐந்து கைகள் எடுத்துவிட்டன, ஆறாவது உங்களுடையது.

1950களில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் அட்டையில் கோடுகளை வரைந்து, எது எதற்குச் சமம் என்று சோதனைக்கு வந்தவரிடம் கேட்டார். குழந்தைகூடச் சொல்லிவிடும். ஆனால் அறையிலிருந்த மற்றவர்கள், அவர் ஏற்பாடு செய்த ஆட்கள், ஒன்றுபோலத் தவறாகச் சொன்னார்கள். யாரும் வற்புறுத்தவில்லை, இருந்தும் அவர்கள் தவறாகச் சொன்ன தடவைகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், சோதனைக்கு வந்தவரிடமிருந்தும் கூட்டத்தின் தவறான பதிலே வந்தது. அந்த ஆட்களில் ஒரே ஒருவரைச் சரியான பதில் சொல்ல வைத்ததும் அது நூற்றுக்கு ஐந்தாறாக இறங்கிவிட்டது.

அதனால் ட்ரீட்டுக்குக் கிளம்பும் முன்பே, “நான் இன்னிக்கு சோடாதான், நீ?” என்று ஒருவனிடமாவது கேட்டு வைத்துக்கொள்ளலாம். ஆண்களிலேயே நான்கில் மூன்று பேர் குடிக்காத ஊரில் அப்படி ஒருவன் அகப்படாமல் போவது அபூர்வம்.