தாகத்தைத் தணிக்க முதலில் உப்பைக் குறையுங்கள்



டயாலிசிஸ் செய்துகொள்ளும் நோயாளிகளுக்கு மருத்துவர் கூறும் அறிவுரைகளில் கடைப்பிடிக்க மிகக் கடினமானது, தண்ணீரைக் குறைப்பதே. உங்கள் உதவியால் நடைபெறும் ஒரு டயாலிசிஸுக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட நாட்களை நோயாளி வீட்டில்தான் கழிக்கிறார். அந்நாட்களில் குடும்பத்தார் எவ்விதம் துணை செய்யலாம் என்று பார்ப்போம்.

ஏன் இந்த அளவு?

சிறுநீரகம் செயலிழந்தவர் குடிக்கும் நீர் வெளியேற வழியின்றி உடலிலேயே தங்குகிறது. 1 லிட்டர் தங்கினால் எடை 1 கிலோ கூடும். கால் வீங்கும், பின்பு நுரையீரலில் நீர் சேர்ந்து, இரவில் படுக்க முடியாமல் மூச்சுத் திணறும். சேர்ந்த நீர் முழுவதையும் 4 மணி நேர டயாலிசிஸில் வேகமாக எடுத்தால் இரத்த அழுத்தம் சரியும், தசைப்பிடிப்பு உண்டாகும், இருதயமும் களைக்கும்.

பொதுவாக, முந்தின நாள் வெளியான சிறுநீரின் அளவோடு சுமார் 500 மி.லி. சேர்த்து அருந்தலாம் என்பர். எனினும் அவரவர் மருத்துவர் குறித்துத் தரும் அளவே சரியானது. காபி, மோர், ரசம், கஞ்சி, மாத்திரை விழுங்கும் தண்ணீர் யாவும் இக்கணக்கில் சேரும்.

தாகம் எதனால்?

"குடிக்காதே" என்று கண்டிப்பதால் மட்டும் பயனில்லை. உப்பு உள்ளே சென்றால் தாகம் எடுத்தே தீரும். 8 கிராம் உப்பு ஏறக்குறைய 1 லிட்டர் நீரை உடலில் நிறுத்திவிடும். ஆகவே ஊறுகாய், அப்பளம், கருவாடு, வற்றல், மிக்சர் ஆகியவற்றை முதலில் நிறுத்துங்கள். நோயாளிக்கு மட்டும் தனியாகச் சமைத்தால் அவர் மனம் சோர்ந்துபோவார். வீடு முழுவதுமே உப்பைக் குறைப்பது நல்லது. மிளகு, சீரகம், பூண்டு, சிறிது எலுமிச்சை ஆகியவை சுவை தரும். கடையில் விற்கும் சோடியம் குறைத்த உப்பு வேண்டாம். அதில் சேர்க்கப்படும் பொட்டாசியம் இருதயத்துக்கு ஆபத்து. நீரிழிவு உள்ளவர்களுக்குச் சர்க்கரை கூடினாலும் தாகம் கூடும்.

செய்யத்தக்கவை

1. அன்றைய அளவைக் காலையிலேயே ஒரு பாட்டிலில் ஊற்றி வையுங்கள். காபி கொடுத்தால் அதே அளவு நீரைப் பாட்டிலிலிருந்து எடுத்துவிடுங்கள்.
2. செம்புக்குப் பதில் சிறிய தம்ளரில், கொஞ்சம் கொஞ்சமாக அருந்தட்டும்.
3. வாய் உலர்ந்தால் கொப்பளித்துத் துப்பலாம்.
4. தினமும் ஒரே நேரத்தில் எடை பார்த்து எழுதி, அடுத்த முறை மருத்துவமனைக்குக் கொண்டு வாருங்கள்.

நோயாளியைக் காணச் செல்வோருக்கு

இளநீரும் பழச்சாறும் வாங்கிச் செல்வது நம் வழக்கம். டயாலிசிஸ் நோயாளிக்கு அவை நீரையும் பொட்டாசியத்தையும் சேர்த்தே ஏற்றும். வெறுங்கையுடன் சென்றாலும் குறையில்லை. அரை மணி நேரம் அவரோடு அமர்ந்து பேசுங்கள். தாகத்தை மறக்க அதுவும் உதவும்.