தசை, மூட்டு நோவுகளை இனங்காணலும் முதலுதவியும்

க.பொ.த. (சாதாரண தரம்) – சுகாதாரமும் உடற்கல்வியும்

மாணவர்களே! உடப்புக் கடற்கரையில் கரைவலை இழுப்போர் அம்பாப் பாடலின் தாளத்துக்கு ஒன்றாக இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரே நேரத்தில் இழுப்பதால் சுமை எல்லோருக்கும் பகிரப்படுகிறது. தாளம் தவறி, முதுகை வளைத்துத் தனியே இழுப்பவருக்கு அன்றிரவே நாரி பிடித்துக்கொள்ளும். இத்தகைய நோவுகளில் வீட்டில் கவனிக்கக்கூடியது எது, வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டியது எது என அறிவதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

1. நோவின் வகைகள்

(அ) தசைப்பிடிப்பு: தசை திடீரெனச் சுருங்கி இறுகுதல். கெண்டைக்காலில் அதிகம் ஏற்படும்.
(ஆ) தசை இழுபடல்: தசை நார்களோ, தசையை என்போடு இணைக்கும் தசைநாணோ அளவுக்கு மீறி இழுபடுதல் அல்லது கிழிதல்.
(இ) சுளுக்கு: மூட்டில் என்பையும் என்பையும் பிணைக்கும் நார்கள் இழுபடுதல் அல்லது கிழிதல். வீக்கமும் கண்டலும் காணப்படும்.
(ஈ) பிந்திய தசை நோவு: பழக்கமில்லாத வேலை அல்லது பயிற்சியின் பின் 1 முதல் 3 நாட்களில் கூடி, பின்னர் தானாகவே குறையும். இதற்குக் காரணம் இலத்திக்கமிலம் எனப் பலர் எழுதுவர். அவ்வமிலம் பயிற்சி முடிந்து ஏறத்தாழ ஒரு மணித்தியாலத்தில் நீங்கிவிடும். தசை நார்களில் ஏற்படும் நுண்ணிய சேதமே காரணமாகும்.

2. முதலுதவி

தசைப்பிடிப்பு: முழங்காலை நேராக்கி, கால்விரல்களை மெதுவாக உடலை நோக்கி இழுக்கவும். வியர்வை அதிகமெனில் நீர் அல்லது ஜீவனி பருகவும்.

சுளுக்கு, தசை இழுபடல்:
• ஓய்வு – விளையாட்டை உடனே நிறுத்தவும்.
• பனிக்கட்டி – துணியில் சுற்றி 15 முதல் 20 நிமிடம் வைக்கவும். 2, 3 மணித்தியாலத்துக்கு ஒருமுறை மீண்டும் வைக்கலாம். தோலில் நேரடியாக வைக்கக் கூடாது.
• அழுத்தம் – மீள்தன்மையுள்ள பட்டியால் சுற்றவும். விரல்கள் விறைத்தால் தளர்த்தவும்.
• உயர்த்தல் – தலையணை மீது, இதயமட்டத்துக்கு மேலாக வைக்கவும்.

முதல் 2, 3 நாட்களுக்கு வெந்நீர் ஒத்தடம், நோவெண்ணெய் தேய்த்து உருவுதல் என்பன வீக்கத்தைக் கூட்டும். என்பு முறிந்திருந்தால் உருவுவது பெருந்தீங்காகும். அதன்பின், நோவில்லாத அளவுக்கு மூட்டைச் சிறிது சிறிதாக அசைத்துப் பழக வேண்டும்.

3. மருந்து

நோவுக்குப் பரசிற்றமோலைப் பெரியவரிடம் கேட்டு, வயதுக்குரிய அளவில் எடுக்கலாம். வளர்ந்தவர் 24 மணித்தியாலத்தில் 500 மில்லிகிராம் மாத்திரைகள் 8 இற்கு மேல் எடுத்தலாகாது. காய்ச்சலுடன் உடல் நோவு இருந்தால் அது டெங்குவாக இருக்கலாம். அஸ்பிரின், இபுபுரோபன், டைக்குளோபெனக் என்பன இரத்தக் கசிவைக் கூட்டுமாதலால் அவற்றைத் தவிர்த்து, வைத்தியரை நாடவும்.

4. உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டிய நிலைகள்

• காலை ஊன்றி நான்கு அடி நடக்க இயலாமை
• உறுப்பின் வடிவம் மாறல், விறைப்பு, நீல நிறம்
• மூட்டுச் சிவந்து சூடாகி வீங்குதல், காய்ச்சல்
• நாரி நோவுடன் கால் விறைத்தல், சிறுநீர் போக முடியாமை
• நெஞ்சு இறுக்கத்துடன் இடது தோள், கை, தாடையில் நோவு, வியர்வை

இறுதியாகக் கூறியது மாரடைப்பின் அறிகுறியாகும். “வலை இழுத்த நோவுதான்” என்று தந்தையார் படுத்துவிட்டால் அவரை உறங்கவிடாதீர்கள். 1990 இற்கு அழையுங்கள். இந்த அம்புலன்ஸ் சேவை இலவசமானது.

மாதிரி வினா

கரப்பந்தாட்டத்தில் குதித்திறங்கிய மாணவியின் கணுக்கால் மடங்கி வீங்கியது. நண்பி எண்ணெய் பூசி உருவினாள்.
(i) இக்காயம் யாது? (ii) நண்பியின் செயல் ஏன் தவறு?

விடை: (i) சுளுக்கு. நடக்க இயலாவிடின் முறிவு எனச் சந்தேகிக்க வேண்டும். (ii) உருவுவதால் குருதிக் கசிவும் வீக்கமும் கூடும். முறிவு இருப்பின் நிலை மோசமாகும்.

பரீட்சையில் நான்கு படிகளையும் வரிசை மாறாமல், ஒவ்வொன்றுக்கும் ஒரு விளக்கத்துடன் எழுதுக.