குடும்பத்தோடு கனடா போகலாமா?

சில வாரங்களுக்கு முன் இறத்தோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு தாயார் என்னைத் தேடி வந்தார். கையில் ஒரு பொலித்தீன் பை. அதற்குள் வீட்டிலுள்ள ஐவரின் பிறப்பத்தாட்சிப் பத்திரங்கள், மூத்த மகளின் சாதாரண தரப் பெறுபேறு, காணி அனுமதிப்பத்திரம், அவற்றோடு மஞ்சள் நிறத்தில் ஒரு துண்டுப்பிரசுரம். "கனடா கிராமங்களுக்கு விவசாயக் குடும்பங்கள் தேவை. ஆங்கிலம் தேவையில்லை. குடும்பத்தோடு நிரந்தர வதிவிடம்." முற்பணம் ஐந்து இலட்சம் என்று தரகர் வாயால் சொல்லியிருக்கிறார், தாளில் அது இல்லை. "இது மெய்யா பொய்யா ஃபாதர்?" என்று கேட்டார்.

முழுப் பொய் என்றால் ஒரு வார்த்தையில் பதில் சொல்லி அனுப்பியிருப்பேன். அரை உண்மைதான் ஆபத்து. கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் ஆள் குறைந்த பிரதேசங்களுக்குத் தொழில் தெரிந்தவர்களைக் குடும்பத்தோடு அழைக்கும் திட்டங்கள் உண்மையாகவே இருக்கின்றன. அவற்றின் வழியாக நம் நாட்டவர் போய்ச் சேர்ந்துமிருக்கிறார்கள். ஆனால் அந்தத் தாள் சொல்வது அந்தத் திட்டத்தை அல்ல. ஆகவே இம்முறை அந்தத் திட்டங்களையே பாடமாக எடுத்துக்கொள்வோம்.

அணைக்கட்டுக்காக வயலை விட்டவர்களும், மண்சரிவுக்குப் பயந்து லயத்தை விட்டவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். வேர் ஒருமுறை அறுந்தவனுக்கு இன்னொரு முறை பெயர்வது பெரிதாகத் தெரியாது. அதைத் தரகர் நன்றாக அறிவார்.

பிரதேசம் அழைப்பது ஏன்?

கனடாவின் 1867ஆம் ஆண்டு அரசியலமைப்பில் 95ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. விவசாயமும் குடிவரவும் அந்த ஒரே பிரிவில் வருகின்றன. இரண்டிலும் மத்திய அரசுக்கும் மாகாணங்களுக்கும் அதிகாரம் உண்டு. நிலத்தைப் பயிராக்குவதும் ஆட்களைக் குடியேற்றுவதும் அக்காலத்தில் ஒரே காரியமாக இருந்ததை இதில் காணலாம். இன்று புதிதாக வருபவர்கள் ரொறன்ரோ, வன்கூவர் போன்ற பெருநகரங்களிலேயே குவிகிறார்கள். சிறு ஊர்களில் பிள்ளைகள் நகரத்துக்குப் போய்விட, முதியோர் இல்லத்துக்குத் தாதியில்லை, மரவாடிக்கு ஆளில்லை, மீன் பதனிடும் ஆலைக்கு ஆளில்லை. அதனால் 1990களின் பிற்பகுதியில் மனிட்டோபா மாகாணம் தனக்குத் தேவையானவர்களைத் தானே பெயர் குறித்து மத்திய அரசுக்கு அனுப்பத் தொடங்கியது. இன்று கியூபெக், நுனாவுட் தவிர்ந்த ஏனைய மாகாணங்களும் பிரதேசங்களும் அப்படிச் செய்கின்றன.

கிழக்குக் கரையிலுள்ள நியூ பிரன்சுவிக், நோவா ஸ்கோஷியா, பிரின்ஸ் எட்வேட் தீவு, நியூபவுண்ட்லாந்து ஆகிய நான்கு மாகாணங்களுக்கும் 2017இல் தனியாக ஒரு பரீட்சார்த்தத் திட்டம் தொடங்கி, 2022 ஜனவரியில் நிரந்தரமாக்கப்பட்டது. இதன் பெயர் அத்லாந்திக் குடிவரவுத் திட்டம். இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பட்டதாரி அல்லாதவருக்கும் இதில் ஓரளவு இடமுண்டு. அரசாங்கம் அங்கீகரித்த ஒரு முதலாளி முதலில் முழுநேர வேலை தருவதாக எழுத்தில் தர வேண்டும். விண்ணப்பிப்பவர் கடந்த ஐந்து ஆண்டுகளுக்குள் 1,560 மணித்தியாலமாவது சம்பளத்துக்கு வேலை செய்திருக்க வேண்டும். கணக்குப் பார்த்தால் வாரம் 30 மணி வீதம் ஓராண்டு. பள்ளிக் கல்வி கனடாவின் உயர்தரப் பள்ளிக்குச் சமம் என்று மதிப்பிடப்பட வேண்டும். ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ கனடிய மொழித் தராதரத்தின் 4ஆம் அல்லது 5ஆம் நிலையை எழுத்து, வாசிப்பு, பேச்சு, கேட்டல் நான்கிலும் பரீட்சையில் காட்ட வேண்டும். அது புலமையல்ல, வேலையிடத்தில் சொன்னதைப் புரிந்து மறுமொழி சொல்லும் ஆங்கிலம். பிறகு குடும்பம் எங்கே தங்கும், பிள்ளைகள் எந்தப் பள்ளி என்று ஒரு குடியமர்வுத் திட்டம் எழுதப்படும். அதை எழுதித் தரும் சேவை நிலையங்கள் காசு வாங்குவதில்லை. கடைசியாக மாகாணம் ஒப்புதல் தர வேண்டும்.

ஆங்கிலம் தேவையில்லை என்ற வரி இங்கேயே விழுந்துவிடுகிறது.

அவுஸ்திரேலியாவின் வழி இன்னும் செங்குத்தானது. 2019 நவம்பர் 16இல் தொடங்கிய 491 என்னும் பிராந்திய விசா ஐந்து ஆண்டுகளுக்கு. சிட்னி, மெல்பேண், பிரிஸ்பேன் தவிர்ந்த ஏறக்குறைய முழு நாடும் இதில் பிராந்தியம்தான். பேர்த், அடிலெய்ட் நகரங்களும் அடக்கம். அங்கேயே வாழ்ந்து, உழைத்து, மூன்று ஆண்டு வருமான வரிக் கணக்கைக் காட்டினால் நிரந்தர வதிவிடம் கேட்கலாம். நுழைவதற்கு 45 வயதுக்குக் குறைவாயிருக்க வேண்டும். தொழில் பட்டியலில் இருக்க வேண்டும். அந்தத் தொழிலுக்குரிய மதிப்பீட்டுச் சபை தகுதியை ஏற்க வேண்டும். ஆங்கிலம் ஐஈஎல்ரிஎஸ் பரீட்சையின் நான்கு பகுதியிலும் 6. வயது, கல்வி, அனுபவம் எல்லாவற்றுக்கும் புள்ளி போட்டு ஆகக்குறைந்தது 65 தேற வேண்டும். மாநிலம் நியமித்தால் அதில் 15 கிடைக்கும். 65 எடுத்தால் வரிசையில் நிற்கலாம். அழைப்பு வரும் என்பதல்ல.

பட்டியலில் மரக்கறி பயிரிடுவோர், பழம் பயிரிடுவோர் என்ற பெயர்களைப் பார்த்து நம்மவர் மகிழ்ந்துவிடுகிறார்கள். பண்ணையைத் திட்டமிட்டு, ஆள் வைத்து, கணக்கு வைத்து நடத்துபவரையே அது குறிக்கிறது. தோட்டத்தில் கொழுந்து பறித்த முப்பது வருடமும், மிளகும் கராம்பும் வளர்த்த அனுபவமும் அறிவில்லையா? அறிவுதான். மண்ணின் ஈரத்தைக் காலால் அறிபவனுக்கு எந்தச் சபையும் சான்றிதழ் கொடுப்பதில்லை என்பது என் மனத்தாங்கல். ஆனால் மனத்தாங்கலை வைத்து விசா எடுக்க முடியாது.

பண்ணை வேலைக்கு ஆள் எடுக்கும் திட்டங்கள் வேறு. கனடாவின் பருவகால விவசாயத் தொழிலாளர் திட்டம் மெக்சிகோவுக்கும் கரீபியன் நாடுகளுக்கும் உரியது. அவுஸ்திரேலியாவின் பண்ணைத் தொழிலாளர் திட்டம் பசுபிக் தீவுகளுக்கும் கிழக்குத் தீமோருக்கும். இலங்கை இரண்டிலும் இல்லை. கனடாவில் 2020இல் தொடங்கிய விவசாய உணவுத்துறைப் பரீட்சார்த்தத் திட்டம் 2025 மே மாதம் மூடப்பட்டது. அது திறந்திருந்த காலத்திலும் ஏற்கனவே கனடாவில் ஓராண்டு வேலை செய்தவருக்கே உரியதாயிருந்தது. யாராவது அதன் பெயரைச் சொல்லிக் காசு கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். இலங்கையிலிருந்து அரசு மூலம் போகக்கூடிய வேலைகளில் கொரியாவும் ஜப்பானும் இருக்கின்றன. கொரியாவின் தொழில் அனுமதியிலோ ஜப்பானின் முதல் நிலைத் திறன் விசாவிலோ குடும்பத்தைக் கூட்டிப் போக இடமில்லை. அவை உழைத்துத் திரும்புவதற்கான வழிகள்.

இந்தத் திட்டங்கள் மாறிக்கொண்டும் இருக்கும். கனடா மாகாண நியமனத்துக்கு 2024இல் 1,10,000 பேர் என்று இலக்கு வைத்திருந்தது; 2025இல் அதை 55,000 ஆகக் குறைத்தது. பக்கத்து வீட்டார் போன வழி நாம் போகும்போது திறந்திருக்கும் என்று சொல்வதற்கில்லை.

எண்ணப்படுபவர் ஒருவர்

குடும்பமாகப் போகிறோம் என்றாலும் இத்திட்டங்கள் எடை போடுவது வீட்டில் ஒருவரை மட்டும். ஏனையோர் அவரோடு சேர்க்கப்படுபவர்கள். நம் வழக்கத்தில் அந்த ஒருவர் தகப்பன் என்று எண்ணிவிடுகிறோம். ஐம்பது வயதான, படிப்பை எட்டாம் வகுப்பில் நிறுத்திய தகப்பனின் பெயரில் விண்ணப்பம் போட்டுப் பணம் இழந்த வீடுகளை நான் அறிவேன். அதே வீட்டில் தாதிப் பயிற்சி முடித்த மருமகளோ, ஒட்டு வேலை கற்ற மகனோ இருந்திருப்பார்கள். தாயும் தகப்பனும் சேர்க்கப்படுவார்களா? இல்லை. அவுஸ்திரேலியா 2016 நவம்பர் முதல் பெற்றோரைக் குடும்ப அங்கத்தவராகச் சேர்ப்பதில்லை. கனடாவிலும் விண்ணப்பத்தில் சேர்க்கக்கூடியவர்கள் துணைவரும் 22 வயதுக்குக் குறைந்த மணமாகாத பிள்ளைகளுமே. இதை முதலிலேயே பாட்டிக்குச் சொல்லிவிட வேண்டும். விமான நிலையத்தில் சொல்லும் செய்தியல்ல அது.

பிள்ளைகளில் ஒருவரை மறைக்கச் சொல்லும் தரகர் உண்டு. "நோயாளிப் பிள்ளையைக் காட்டினால் விசா வராது" என்பார். மருத்துவப் பரிசோதனையில் ஒருவர் தவறினால் முழுக் குடும்பமும் நிராகரிக்கப்படலாம் என்பது உண்மை. ஆனால் மறைக்கப்பட்ட பிள்ளையைப் பின்னர் அழைப்பது கனடாவில் மிகக் கடினம். பொய்த் தகவல் கண்டுபிடிக்கப்பட்டால் கனடா ஐந்து ஆண்டுகளுக்கு வாசலை மூடும். போலிப் பத்திரத்துக்கு அவுஸ்திரேலியா மூன்று ஆண்டு, ஆளடையாளத்தில் பொய் சொன்னால் பத்து ஆண்டு.

முன்பும் ஒரு தாள் வந்தது

நம் முதியவர்களுக்கு இது புதிதல்ல. 1964 ஒக்டோபர் 30இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானபோது 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாகவும் 3,00,000 பேரை இலங்கை ஏற்பதாகவும் எழுதினார்கள்; மிஞ்சிய 1,50,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பிரித்தார்கள். மாத்தளைத் தோட்டங்களிலிருந்தும் தலைமன்னார் கப்பலுக்குப் போனார்கள். கொழுந்து பறிக்கத் தெரிந்தவர்கள் என்று சிலரை நீலகிரியின் அரசாங்கத் தேயிலைத் தோட்டங்களில் அமர்த்தினார்கள்; சிலரைக் கேரளத்தின் புனலூரில் இறப்பர்த் தோட்டத்தில். கடை நடத்தித் தெரியாதவர்களுக்குக் கடை வைக்கக் கடன் கொடுத்தார்கள். அண்ணனுக்கு ஒரு நாட்டின் தாளும் தம்பிக்கு இன்னொரு நாட்டின் தாளும் கிடைத்து வீடு பிளந்தது. அப்போது போகச் சொன்னவை அரசாங்கங்கள். இன்று போக விரும்புவது நாம். ஆனாலும் தாளில் யாருடைய பெயர் இருக்கிறது, யாருடையது இல்லை என்று பார்க்காமல் கையெழுத்து வைத்ததன் விலை என்ன என்று வீட்டிலுள்ள முதியவரிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

பணமும் காணியும்

வேலைக் கடிதத்தை விற்பது கனடாவில் சட்டவிரோதம். அவுஸ்திரேலியாவில் விசா ஆதரவுக்காகப் பணம் கொடுப்பதும் வாங்குவதும் 2015 டிசம்பரிலிருந்து குற்றம். ஆகவே, "முதலாளிக்குக் கொடுக்க வேண்டும்" என்று கேட்கப்படும் பணம் எதற்கென்று நீங்களே முடிவு செய்யுங்கள். இலங்கையில் வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்க்க 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி பணியகத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். 1989 என்ற தொலைபேசி இலக்கத்தில் அந்த முகவருக்கு அனுமதி உண்டா என்று கேட்கலாம். கூச்சப்படாமல் கேளுங்கள்.

அந்தத் தாயாரின் பையில் காணி அனுமதிப்பத்திரமும் இருந்தது என்றேன். தரகர் அதைப் "பிணையாக" வைக்கச் சொல்லியிருந்தாராம். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் தரப்பட்ட அனுமதிக் காணியை அரசின் சம்மதமின்றி விற்கவோ கைமாற்றவோ முடியாது. தரகரிடம் கொடுத்த பத்திரம் அவருக்குச் சட்டப்படி பயன்படாது. நீங்களோ அதைத் திரும்ப வாங்க அலைவீர்கள். காணியைப் பயிரிடாமல் கைவிட்டால் அனுமதியே இரத்தாகலாம். போகிற எண்ணம் இருந்தால், பின்னுரித்தாளர் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதிந்து, யார் பயிரிடுவார் என்று தீர்மானித்துவிட்டே கடவுச்சீட்டுக்குப் போங்கள்.

இன்றே தொடங்கக்கூடியதும் உண்டு. அனுபவத்தால் மேசன் வேலையோ தச்சு வேலையோ ஒட்டு வேலையோ கற்றவர்கள், முன்கற்றலை அங்கீகரிக்கும் முறையில் தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் பெறலாம். தொழிற்பயிற்சி அதிகாரசபையின் மாவட்ட அலுவலகத்தில் விசாரியுங்கள். அது வெளிநாட்டுக்கு மட்டுமல்ல, தம்புள்ளையில் வேலை கேட்கும்போதும் உதவும். சம்பளத்துக்கு வேலை செய்பவர்கள் சம்பளத் துண்டையும் சேமலாப நிதிக் கணக்கையும் எறியாமல் வையுங்கள். அந்த 1,560 மணித்தியாலத்துக்கு அவைதான் சாட்சி.

தாயாரின் பத்திரங்களை மேசையில் பரப்பினோம். ஐந்து பத்திரங்களில் தகப்பன் பெயர் மூன்று விதமாக எழுதப்பட்டிருந்தது. ஒரு பிள்ளையின் பிறந்த இடம் தோட்டத்தின் பழைய பெயர். முற்பணம் கொடுப்பதில்லை என்று அவரே முடிவெடுத்தார். அடுத்த வியாழன் மாத்தளைப் பதிவாளர் அலுவலகத்துக்குப் பெயர்த் திருத்தத்துக்குப் போனார்கள். மூத்த மகள் ஆங்கில வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். அவளுக்குப் பத்தொன்பது வயது.

குழுவில் பேசுவதற்கு: உங்கள் வீட்டில் எண்ணப்படக்கூடியவர் யார், அவரிடம் யாராவது கேட்டீர்களா? அவரோடு சேர்க்கப்பட முடியாதவர்கள் யார், அவர்களை யார் பார்ப்பார்கள்? உங்கள் பகுதியில் முற்பணம் வாங்கியவர் பற்றுச்சீட்டுக் கொடுத்தாரா? அடுத்த கூட்டத்துக்கு வரும்போது பிறப்பத்தாட்சிப் பத்திரங்களைக் கொண்டுவாருங்கள். பெயர்களைச் சேர்ந்திருந்து ஒப்பிட்டுப் பார்ப்போம்.